முன்னுரிமை நாள்: அமெரிக்கப் பச்சை அட்டைக் காத்திருப்பின் வரலாறு

முன்னுரை

அகத்திணை மரபில் பிரிதல் பாலைக்கும் இருத்தல் முல்லைக்கும் உரிப்பொருள்களாக வகுக்கப்பெற்றன. வினைமேற் செல்லும் தலைவன் தான் மீளும் பருவத்தைக் குறித்துச் செல்வான். கார் தொடங்கியதும் தலைவி வழிமேல் விழி வைப்பாள். பருவம் பொய்த்ததோ எனத் தலைவி கலங்குவதும், தோழி தேற்றுவதும் முல்லைப் பாடல்களின் உயிர்நிலை. காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு என்னும் நம்பிக்கையே அவ்விருத்தலைத் தாங்கத்தக்கதாக ஆக்கியது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றப்பெற்ற ஒரு சட்டம், எல்லை குறித்த பின்னும் அவ்வெல்லை பின்னோக்கி நகரக்கூடிய ஒரு காத்திருப்பை உருவாக்கியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சட்டப்படி நுழைந்து, சட்டப்படி பணியாற்றி, வரி செலுத்தி, நிலையான வதிவுரிமை வேண்டி வரிசையில் நிற்கும் இந்தியரின் காத்திருப்பு அது. அவ்வரிசையில் தமிழகத்தார் பலர் உள்ளனர். அது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நீண்டது, இல்லங்களுக்குள் என்ன செய்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

அடைத்த கதவும் சிறு திறப்பும்

இந்தியர் அமெரிக்க வாசலில் நின்ற வரலாறு கணிப்பொறியோடு தொடங்கியதன்று. 1917ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைப் பகுதியாக வரையறுத்தது; இந்தியாவும் அதனுள் அடங்கியது. 1923இல் பகத்சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர் சட்டத்தின் பொருளில் வெள்ளையர் ஆகார்; ஆதலின் குடியுரிமைக்குத் தகுதியுடையர் அல்லர் எனத் தீர்ப்பளித்தது. முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

அவ்வாறு இழந்தோருள் ஒருவர் சான்பிரான்சிஸ்கோவில் வணிகம் செய்த வைஷ்ணோ தாஸ் பகாய். 1915இல் மனைவி மக்களோடு குடியேறி, 1921இல் குடியுரிமை பெற்றவர் அவர். குடியுரிமை போயிற்று, அதனால் உடைமை வைத்திருக்கும் உரிமையும் போயிற்று. தாய்நாட்டுக்குச் சென்றுவர அமெரிக்கக் கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டது. 1928இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தம் முடிவுக்கான காரணத்தைச் செய்தித்தாளுக்கு ஒரு கடிதமாகவே எழுதி வைத்தார். சட்டத்தை நம்பி வந்தவரைச் சட்டமே கைவிட்டதற்கு அக்கடிதம் முதற்சான்று எனலாம்.

1946ஆம் ஆண்டின் லூஸ்–செல்லர் சட்டம் இந்தியர்க்குக் குடியுரிமைத் தகுதியை அளித்தது. புதிதாகக் குடியேற ஆண்டுக்கு 100 இடங்களையும் ஒதுக்கியது. வானியற்பியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியேற்ற நாளில், இந்தியர் எவரும் அந்நாட்டுக் குடியுரிமையைக் கோரவும் இயலாது. அவர் குடியுரிமை பெற்றது 1953இல்.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், சுதந்திரதேவி சிலையின் அடியில் அமர்ந்து புதிய குடியேற்றச் சட்டத்தில் ஒப்பமிட்டார். பிறந்த இனத்தை வைத்து ஆளை எடைபோடும் பழைய முறை அதனால் ஒழிந்தது. கிழக்கு அரைக்கோள நாடு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 20,000 என்னும் ஒரே உச்சவரம்பு விதிக்கப்பட்டது. சமத்துவத்தின் பெயரால் வந்த இவ்வரம்பே பின்னாளைய நெடுவரிசையின் வித்து.

இரு வாசல்கள்

1990ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் மூத்த ஜார்ஜ் புஷ் ஒப்பமிட்ட சட்டம் இரண்டு வாசல்களை அமைத்தது. ஒன்று, எச்-1பி எனப்படும் தற்காலிகப் பணி விசா. மூன்றாண்டுக்கு வழங்கப்பெற்று, ஆறாண்டு வரை நீட்டிக்கத்தக்கது. மற்றொன்று, வேலைவழி நிலையான வதிவுரிமை. இதற்கு ஆண்டுக்கு 1,40,000 இடங்கள். எந்த ஒரு நாட்டில் பிறந்தோரும் மொத்தத்தில் நூற்றுக்கு ஏழு பங்கினை மிகலாகாது என்பது விதி. வேலைவழி ஒதுக்கீட்டில் அது ஏறத்தாழ 9,800 இடங்களாகும். பணியாளரின் மனைவி அல்லது கணவரும் பிள்ளைகளும் இதற்குள்ளேயே எண்ணப்படுவர். ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் வரம்பு ஒன்றே. பிற நாட்டவர் பயன்படுத்தாது எஞ்சிய இடங்கள் நீண்ட வரிசைக்குச் செல்ல வழியுண்டு. ஆயின் அவ்வெச்சம் ஆண்டுதோறும் மாறும்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தற்காலிக வாசலுக்கு நாட்டு வரம்பு இல்லை. நிலையான வாசலுக்கு மட்டுமே அது உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் 2000ஆம் ஆண்டுக் கணிப்பொறிச் சிக்கலைத் தீர்க்க ஆட்கள் தேவைப்பட்டனர். எச்-1பி உச்சவரம்பு 65,000இலிருந்து உயர்ந்து, 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆயிற்று. சென்னை, பெங்களூர், ஐதராபாத் நகரங்களிலிருந்து பொறியாளர்கள் திரளாகச் சென்றனர். பிந்தைய ஆண்டுகளில் எச்-1பி ஒப்புதல்களில் பத்துக்கு ஏழு பங்களவு இந்தியப் பிறப்பினருடையதாயிற்று. அகன்ற வாசல் வழியாக உள்ளே வந்தோர் அனைவரும் குறுகிய வாசல் முன் குவிந்தனர். காத்திருப்பின் மூலகாரணம் இவ்வமைப்பே.

பிறப்பிடமே கணக்கு, குடியுரிமை கணக்கன்று. உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் சென்னையிலும் மற்றவர், தந்தை பணிபுரிந்த சிங்கப்பூரிலும் பிறந்திருப்பின், ஒரே படிப்பும் ஒரே பணியும் உடையராயினும் இருவரும் இரு வரிசைகளில் நிற்பர். சிங்கப்பூரில் பிறந்தவர் சில ஆண்டுகளில் அட்டை பெறலாம். சென்னையில் பிறந்தவர் தலைமயிர் நரைக்கும் வரை நிற்கலாம். கணவன் மனைவியருள் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருப்பின் மற்றவரும் அந்நாட்டு வரிசையில் சேரலாம் என்பது சட்டம் தந்த சிறு சலுகை.

நகரும் நாள்

வேலைவழி வதிவுரிமைக்குப் பொதுவாக மூன்று படிகள் உண்டு. அப்பணிக்குத் தகுந்த அமெரிக்கர் கிடைக்கவில்லை எனத் தொழில்துறையிடம் நிறுவனம் சான்று பெறுவது முதற்படி. ஆளுக்காக நிறுவனம் மனுச் செய்வது இரண்டாம் படி. இடம் வாய்க்கும்போது ஆள் தாமே விண்ணப்பிப்பது மூன்றாம் படி. முதற்படி விண்ணப்பம் பதிவான நாளே அவருடைய முன்னுரிமை நாள். பிறந்த நாளையும் மணநாளையும் போல அந்நாள் குடும்பத்தின் நினைவில் பதிந்துவிடுகிறது.

அமெரிக்க வெளியுறவுத்துறை திங்கள்தோறும் விசா அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. அதில் அச்சான நாளுக்கு முற்பட்ட முன்னுரிமை நாள் உடையோர் மட்டுமே இறுதிப் படியேறலாம். அந்நாள் சிலபோது ஒரு வாரம் முன்னேறும், சிலபோது அசையாது நிற்கும், சிலபோது பின்வாங்கும். இந்தியப் பிறப்பினர்க்கான இரண்டாம் பிரிவில் 2012ஆம் ஆண்டு ஏப்ரல் அறிக்கை 2010 மே 1 எனக் காட்டியது. மே அறிக்கையில் அது 2007 ஆகஸ்டு 15 ஆயிற்று. அக்டோபரில் 2004 செப்டம்பர் 1 ஆயிற்று. ஆறு திங்களில் நாள்காட்டி ஐந்தரை ஆண்டுக்கு மேல் பின்னோக்கிச் சென்றது. வாசற்படியில் கால் வைத்தவர் மீண்டும் தெருக்கோடியில் நின்றார்.

ஆறாண்டு எல்லைக்குள் அட்டை கிடையாது என்பது தெளிவானபோது 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, காத்திருப்போர் தற்காலிக விசாவை மேலும் மேலும் நீட்டித்துக்கொள்ள இசைந்தது. அது கருணையே. எனினும் தற்காலிகம் என்னும் சொல் அதனால் பொருளிழந்தது. இருபதாண்டு வாழ்ந்தவரும் ஏட்டில் தற்காலிகப் பணியாளராகவே இருந்தார்.

மலர்கள் பேசிய திங்கள்

இவ்வரலாற்றில் நினைக்கத்தக்க நிகழ்ச்சி 2007ஆம் ஆண்டு சூலையில் நேர்ந்தது. சூலைக்கான அறிக்கை, வேலைவழிப் பிரிவுகள் ஏறத்தாழ அனைத்தும் திறந்தன என அறிவித்தது. பல்லாண்டு காத்தவர்கள் மருத்துவப் பரிசோதனை முடித்து, ஆவணங்கள் திரட்டி, வழக்கறிஞர்க்குப் பொருள் செலுத்தி, வெளியூர்ப் பயணங்களைக் கைவிட்டு ஆயத்தமாயினர். சூலை 2ஆம் நாள், இடங்கள் தீர்ந்தன. விண்ணப்பங்கள் ஏற்கப்படா என அரசு அறிவித்தது.

காத்திருந்தோர் கல்லெறியவில்லை. 2006இல் வெளியான ‘லகே ரஹோ முன்னாபாய்’ என்னும் இந்தித் திரைப்படம் பரப்பிய காந்திய வழியைக் கைக்கொண்டு, குடியேற்றத்துறை இயக்குநர்க்கு மலர்க்கொத்துகள் அனுப்பினர். சூலை 10ஆம் நாள் அவை அலுவலகத்தில் வந்து குவிந்தன. இயக்குநர் அவற்றை வால்ட்டர் ரீடு இராணுவ மருத்துவமனையிலிருந்த காயமுற்ற வீரர்களுக்கு அனுப்பிவைத்தார். சான் ஹோசே நகரில் அமைதிப் பேரணியும் நடந்தது. சூலை 17ஆம் நாள் அரசு தன் முடிவை மாற்றி, ஆகஸ்டு 17 வரை விண்ணப்பங்களை ஏற்றது. அவ்வாறு விண்ணப்பித்தோர் பணி அனுமதியும் பயண அனுமதியும் பெற்றனர். ஆயின் வரம்பு மாறாமையால், அட்டைக்காக அவர்களுள் பலர் மேலும் பல்லாண்டு காத்தனர்.

இல்லத்துள் காத்திருப்பு

காத்திருப்பின் சுமை மிகுதியும் இல்லத்தினுள் வீழ்ந்தது. எச்-1பி பணியாளரின் துணைவர் வேலை செய்ய 2015 மே திங்கள் வரை இசைவு இல்லை. அத்துணைவருள் பெரும்பாலோர் பெண்கள், பட்டம் பெற்றவர்கள், தாயகத்தில் ஆசிரியராகவும் மருத்துவராகவும் பொறியாளராகவும் பணிபுரிந்தவர்கள். 2015ஆம் ஆண்டு விதி, வரிசையில் குறிப்பிட்ட படியைக் கடந்தோரின் துணைவர்க்கு மட்டும் பணி இசைவு தந்தது. அதற்கு முற்பட்ட ஆண்டுகளில் அவர்கள் இழந்த தொழில் வாழ்வை எந்தப் புள்ளிவிவரமும் அளக்கவில்லை.

பணியாளர்க்கும் விடுதலை இல்லை. சான்று பெற்ற பணியிலிருந்து நிறுவனம் மாறினால், முன்னுரிமை நாளைக் காக்க வழியிருப்பினும் முன்னிரு படிகளையும் பெரும்பாலும் மீண்டும் ஏறவேண்டும். 2017இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வேலை இழந்தவர்க்கு 60 நாள் வரையே அவகாசம். அதற்குள் வேறு வேலையோ வேறு விசாவோ அமையாவிடின், வீட்டுக்கடனும் பிள்ளைகளின் பள்ளியும் இருந்தவாறிருக்க நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

2004 சூலை வரை விசாவை அமெரிக்காவிலிருந்தே புதுப்பிக்க வழியிருந்தது. அவ்வழி அடைபட்டபின், தந்தையின் இறுதிச் சடங்குக்குச் சென்னை வந்தவரும் அமெரிக்கத் துணைத்தூதரக முத்திரைக்குக் காத்திருக்க நேர்ந்தது. திரும்ப முடியுமோ என்னும் அச்சத்தால், தாயின் முகம் காண வாராமலே இருந்துவிட்டவர்களும் உளர். 2017இல் கான்சாஸ் மாநிலத்தில் இந்தியப் பொறியாளர் ஒருவர் இனவெறியால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய விசாவைச் சார்ந்திருந்த மனைவியின் தங்கும் உரிமையும் அவரோடு முடிந்தது. கணவரின் உடலோடு தாயகம் வந்தவர் திரும்பிச் செல்ல நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தலையிட வேண்டியிருந்தது.

பிள்ளைகள் நிலை இன்னும் கொடிது. பெற்றோரின் விசாவைச் சார்ந்து கைக்குழந்தையாக வந்த பிள்ளை, 21 வயது நிரம்பியதும் சட்டத்தின் பார்வையில் பிள்ளை அன்று. 2002ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் மனு ஆய்வில் கழிந்த காலத்தை மட்டும் வயதிலிருந்து கழிக்கிறது. வரிசையில் நின்ற ஆண்டுகளைக் கழிப்பதில்லை. தமிழை வீட்டில் பேசி, ஆங்கிலத்தில் கனவு கண்டு வளர்ந்த அவ்விளைஞர், தாம் அறியாத தாயகத்துக்குத் திரும்பவோ, தாம் வளர்ந்த நாட்டிலேயே அயல்நாட்டு மாணவராகப் பதிந்துகொள்ளவோ வேண்டியவராகிறார்.

திருத்த முயற்சிகள்

நாட்டு வரம்பை நீக்கும் முயற்சிகள் நடந்தன. 2011 நவம்பரில் பிரதிநிதிகள் சபை 389க்கு 15 என்னும் வாக்கில் ஒரு மசோதாவை ஏற்றது; மேலவையில் அது தேங்கியது. 2019 சூலையில் மீண்டும் 365க்கு 65 என நிறைவேறியது. 2020 டிசம்பரில் மேலவையும் தன் வடிவத்தை ஒருமனதாக ஏற்றது. இரு வடிவங்களையும் இணைக்குமுன் அவையின் காலம் முடிந்தது, மசோதாவும் மாண்டது.

எதிர்த்தோர் வாதத்தையும் வரலாறு பதிவு செய்யவேண்டும். மொத்த இடங்களைக் கூட்டாது நாட்டு வரம்பை மட்டும் நீக்கினால், பல்லாண்டுக்கு இந்தியரே இடங்களைப் பெறுவர். பிற நாட்டவர் புதிதாக வரிசையில் நிற்பர் என்றனர் அவர்கள். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 1990இல் குறித்த 1,40,000 என்னும் எண்ணைச் சட்டம் பின்னர் உயர்த்தவே இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் குடும்பவழி இடங்கள் எஞ்சி, 2021 நிதியாண்டில் வேலைவழி இடங்கள் ஏறத்தாழ 2,62,000 ஆயின. அப்போதும் அலுவலகத் தாமதத்தால் ஏறத்தாழ 66,000 இடங்கள் எவர்க்கும் பயனின்றிக் கழிந்தன. காத்திருப்போர் பெருந்தொகையினராக இருக்க, இடங்கள் வீணாயின என்பது இவ்வரலாற்றின் கசப்பான முரண்.

முடிவுரை

1928இல் பகாய்க்கு மறுக்கப்பட்டது நிறத்தின் பெயரால். 1990க்குப் பின் மறுப்பு என்று எதுவும் இல்லை. மனு ஏற்கப்படுகிறது, தகுதி ஒப்புக்கொள்ளப்படுகிறது, நாள் மட்டும் வருவதில்லை. வெளிப்படையான மறுப்பை எதிர்த்து வழக்காடலாம். ஏற்றுக்கொண்டு நிறுத்திவைக்கும் ஒழுங்கை எதிர்ப்பது அதனினும் அரிது. இவ்வேறுபாட்டை உணராது இக்காத்திருப்பை வசதி படைத்தோரின் சிறு மனக்குறை என ஒதுக்குவது பொருந்தாது.

தமிழில் புலம்பெயர்ந்தோர் பாடல்கள் பெரும்பாலும் பிரிவையும் இழப்பையும் பாடின. இருத்தலைப் பாடியவை குறைவு. பெட்டிகளை முற்றும் பிரிக்காத வீடு, வாங்கத் தயங்கிய மேசை, திங்கள்தோறும் ஒரே ஒரு வரிக்காகத் திறக்கப்படும் அறிக்கை, பிள்ளையின் பிறந்தநாளில் வாழ்த்தும்போதே இருபத்தொன்றுக்கு இன்னும் எத்தனை ஆண்டு என எண்ணும் தாய் ஆகியவை முல்லைத் திணையின் இக்காலப் பொருள்கள். பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இம்மலரைக் கையில் ஏந்துவோருள் சிலருக்கு, அதே பத்தாண்டு வரிசையில் கழிந்த உறவினர் ஒருவரேனும் இருக்கக்கூடும். அவருடைய முன்னுரிமை நாள் எதுவெனக் கேட்டறிவதிலிருந்து ஒரு கவிஞர் தம் பாடலைத் தொடங்கலாம்.