ஆறு பெயரும் ஆறு எண்ணும்

கடற்கரைப் பாறையைக் குடைந்து கோயில் செய்த ஊர் ஒன்று நமக்கு இருக்கிறது. அதற்கு எத்தனை பெயர் என்று எண்ணிப் பாருங்கள். முதலாம் நரசிம்மவர்மனுடைய பட்டப் பெயரைக் கொண்டு மாமல்லபுரம் என்கிறோம். மகாபலிச் சக்கரவர்த்தியை நினைத்து மகாபலிபுரம் என்பாரும் உண்டு; அதையே சுருக்கி மாவலிபுரம் என்பார்கள். திருமங்கையாழ்வாருக்கு அது கடல்மல்லை. செல்லமாகச் சொன்னால் வெறும் மல்லை. கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களோ 'செவன் பகோடாஸ்', அதாவது ஏழு கோயில், என்று ஒரு பெயரை வைத்தார்கள். ஆக மொத்தம் ஆறு.

இவற்றில் எது சரி என்று சரித்திர ஆசிரியர்கள் வாதாடட்டும். கதை எழுதுகிறவனுக்கு அந்த வழக்கில் வேலை இல்லை. ஆனால் ஆறு பெயரில் எதை எழுதினாலும் கடிதத்தை அந்த ஒரே ஊருக்கு அனுப்பியே தீர வேண்டிய மனிதர் ஒருவர் இருந்தாரே, அவரைப் பற்றித்தான் எனக்கு அக்கறை. தபாலாபீஸில் அவருக்கு ஸார்ட்டர் என்று பெயர்.

சென்னையில் ஜெனரல் தபாலாபீஸ் ஏற்பட்டது 1786-ல். அந்தக் காலத்தில் ஈட்டியில் சலங்கை கட்டிய ஓட்டக்காரர்கள் தபால் பையைச் சுமந்து ஓடினார்கள். தூரம் அதிகமானால் கட்டணமும் அதிகம். 1854-ல், டல்ஹௌஸி பிரபுவின் காலத்தில், கால் தோலா எடையுள்ள கடிதம் இந்தியாவின் எந்த மூலைக்குப் போனாலும் அரை அணாதான் என்று ஏற்பாடாயிற்று. அன்றைக்கு ஏழைக்கும் கடிதம் எழுதத் தைரியம் பிறந்தது. ஊர் எங்கே இருக்கிறது என்று எழுதுகிறவர் யோசிக்க வேண்டியதில்லை. பெயரை எழுதினால் போதும். யோசிக்கிற பாரம் முழுவதும் ஸார்ட்டர் தலையில் இறங்கியது.

அவர் வேலையைச் சற்றுப் பாருங்கள். பெட்டியிலிருந்து வந்த கடிதங்களை முதலில் ஒரே முகமாகத் திருப்பி அடுக்குவார்கள். தபால்தலைமேல் முத்திரை விழும். பிறகு, புறாக்கூண்டு மாதிரி மரத்தில் செய்த அறைகளுக்கு எதிரே நின்று, விலாசத்தின்மேல் கண்ணை ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு கடிதத்தையும் அதனதன் அறையில் போடுவார். அறையில் சேர்ந்ததைக் கட்டாகக் கட்டி, ஊர்ச் சீட்டு வைத்துப் பையில் போட்டு, பையின் வாயைச் சணலால் இறுக்கி அரக்கு வைப்பார்கள். 1860-களில் அலகாபாத்–கான்பூர் பாதையில் இந்த வேலை ஓடுகிற ரயிலுக்குள்ளேயே தொடங்கியது. நாம் ஆர்.எம்.எஸ். என்று சொல்வது அதன் வழியில் வந்ததுதான். குலுங்குகிற வண்டியில், இரவெல்லாம் விழித்து, பிறர் கையெழுத்தைப் படித்தவர்கள் அவர்கள்.

எழும்பூரிலிருந்து தெற்கே போகிற ரயில் செங்கல்பட்டைத் தொடும், மாமல்லபுரத்தைத் தொடாது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சாலையில்தான் போக வேண்டும். ரயில் இல்லாத ஊருக்கு எங்கே பை இறங்க வேண்டும் என்பதும் ஸார்ட்டருக்கு மனப்பாடம். செங்கல்பட்டுக்கும் ஒரே பெயரா? ஆங்கிலத்தில் 'சிங்கிள்புட்' என்று எழுதினார்கள். பக்கத்துக் கோவளமோ இன்னும் மோசம்! திருவனந்தபுரத்துக்கு அருகிலும் ஒரு கோவளம் இருக்கிறது. ஸார்ட்டர் கை தவறினால், தாய்க்கு மகன் எழுதிய கடிதம் வேறொரு கடலைப் பார்க்கப் போய்விடும்.

இந்தச் சங்கடத்துக்கு 1972 ஆகஸ்டு 15-ல் பரிகாரம் வந்தது. அதுதான் பின்கோடு. வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர். மத்திய அரசு அதிகாரியான அவர் சமஸ்கிருதக் கவியும்கூட! மாமல்லபுரத்தின் எண் 603104. முதல் 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம். 603 என்ற மூன்றும் சேர்ந்தால் கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டம். மிச்சமுள்ள 104, பட்டுவாடா செய்யும் தபாலாபீஸ். நம் கோவளம் 603112. கேரளத்துக் கோவளம் 695527. சண்டை தீர்ந்தது. ஆறு பெயருக்கும் ஆறு இலக்கத்தில் ஒரே விலாசம்!

அப்படியானால் மனித ஞாபகத்துக்கு வேலை இல்லையா? இருக்கிறது. எண் தபாலாபீஸ் வாசலோடு நின்றுவிடும். அதற்கப்புறம் தபால்காரர் தம் கட்டைத் தெருவாரியாக, வீட்டு வரிசையாகத் தாமே அடுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி இந்தக் கரையையும் தாக்கியது. பிறகு தமிழ்நாட்டுக் கரையோரத்து மீனவக் குடும்பங்கள் பல, கடலைவிட்டுத் தள்ளிக் கட்டிய புது வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. உறையின் மேல் பழைய விலாசம். ஆள் இருப்பதோ புது இடம். யார் எங்கே போனார்கள், யார் திரும்பவில்லை என்பதை எந்த இலக்கம் சொல்லும்?

2025-ல் தபால் இலாகா 'டிஜிபின்' என்ற பத்து எழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்தது. நாலு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலமுள்ள ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு குறி. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அந்தத் துண்டு நிலத்தில் குடியிருந்த கிழவி இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள் என்பதைத் தெருவில் நடக்கிற ஒருவர்தான் தெரிந்து வைத்திருக்க முடியும்.

ஆகையால் விலாசம் எழுதும்போது ஆறு எண்ணையும் தவறாமல் எழுதுங்கள். தெருப் பெயரையும் ஆள் பெயரையும் புரியும்படி எழுதுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் உங்கள் இஷ்டம். மல்லை என்று எழுதினாலும் போய்ச் சேரும்.