சுவருக்கு வந்த குஷ்டம்

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில் ஒரு வீட்டுச் சுவருக்கு நோய் வருகிறது. பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவிழுந்த திட்டுகள். ஆசாரியர் பார்க்க வருமுன் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எடுத்துவிட வேண்டும்; அவர் வந்து தீட்டென்று தீர்த்துவிட்டால் உள்ளிருப்பதெல்லாம் தீட்டாகிவிடும். முன்கூட்டியே எடுத்தவை தப்பின! தொற்றுக்கு அஞ்சி எழுதிய சட்டம் இப்படி இராது.

சுவரில் பூத்தது, கம்பளியில் படிந்தது, தோலில் படர்ந்தது மூன்றுக்கும் எபிரேயத்தில் ஒரே பெயர்: சாரஅத். தலைமுதல் கால்வரை முழுக்க வெளுத்தவர் சுத்தமானவர் என்கிறது 13ஆம் அதிகாரம். திட்டுத்திட்டாக, நடுவில் பச்சைப்புண் தெரிந்தால் தீட்டு. ஆசாரியர் மருந்து எதுவும் தருவதில்லை. ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்க்கிறார், அவ்வளவே. ஆறிய பிறகே சடங்கு: ஊற்றுநீர் உள்ள மண்பாண்டத்தின்மேல் ஒரு குருவியைக் கொன்று, அந்த இரத்தத்தில் உயிருள்ள குருவியைக் கேதுருக்கட்டை, சிவப்பு நூல், ஈசோப்போடு தோய்த்து, வெளியில் பறக்கவிடுவார். இதே மூன்று பொருள்களைத்தான் எண்ணாகமம் 19இல் சிவப்புக் கிடாரியோடு எரிக்கிறார்கள். அந்தச் சாம்பல் பிணத்தீட்டைப் போக்க. மோசேயின் அக்கா மிரியாமின் தோல் வெளுத்தபோது, செத்துப்பிறந்த பிள்ளைபோல் அவள் ஆகிவிடக் கூடாதென்று ஆரோன் கெஞ்சுகிறார். லேவியராகமத்துக்கு விரிவுரை எழுதிய ஜேக்கப் மில்கிரோம் இந்தத் தீட்டில் சாவின் சாயலைக் கண்டார். அவர் சொல்வதே சரி என்று எனக்குப் படுகிறது.

வழுக்கியது மொழிபெயர்ப்பில். வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள் சாரஅத்தை ‘லெப்ரா’ என்றார்கள். செதில்செதிலாக உரியும் தோலுக்கு அது பொருத்தமான சொல். லத்தீனும் அதை வைத்துக்கொண்டது. இடைக்கால மருத்துவ நூல்களில் விரல்களைத் தின்னும் வேறொரு நோய்க்கு அதே பெயர் விழ, பழைய சட்டத்தின் பாரம் முழுவதும் அந்த நோயாளிகளின் தலையில் இறங்கியது. அந்த நோய்க்குக் காரணமென்று 1873இல் மருத்துவர் ஹான்சன் கண்ட கிருமி சுவரிலும் கம்பளியிலும் படராது.

தமிழ் வேதாகமத்தின் ‘குஷ்டரோகம்’ அவ்வளவு மோசமான தேர்வன்று. ஆயுர்வேதத்தில் குஷ்டம் 18 வகை. படையும் செதிலும் அதில் அடக்கம். பேச்சுவழக்கில் சொல் குறுகிப்போனது. 1995இல் வந்த திருவிவிலியத்தின் ‘தொழுநோய்’ அந்தக் குறுகலை உறுதிப்படுத்திவிட்டது. சாரஅத் என்றே விட்டு ஓர் அடிக்குறிப்பு போட்டிருக்கலாம். கூட்டு மருந்து உண்டு குணமானவரும் கோயில் பெஞ்சில் உட்கார்ந்து, பாளயத்துக்குப் புறம்பே தனித்திருப்பவன் கதையைத் தன் நோயின் பெயரிலேயே கேட்க வேண்டியிருக்கிறது.