ஹார்ட்னப் நோய்

வெயில் பட்ட தோலில் தடிப்பும் செதிலும் உண்டாக்கும் பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடு. 1956இல் லண்டன் குடும்பம் ஒன்றில் கண்டு விவரிக்கப்பட்டது. அக்குடும்பப் பெயரே நோய்க்கும் நிலைத்தது.

காரணம்: டிரிப்டோஃபேன் முதலிய அமினோ அமிலங்களைக் குடலிலும் சிறுநீரகத்திலும் உள்வாங்கும் கடத்திப் புரதம் பழுதாகிறது. ஏறத்தாழ 60 மி.கி. டிரிப்டோஃபேனிலிருந்து உடல் 1 மி.கி. நியாசின் (வைட்டமின் பி3) ஆக்கிக்கொள்ளும். அந்த வரத்து குறைகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் தோன்றும். எனவே மாமன் மகள், அக்காள் மகள் என நெருங்கிய உறவில் மணக்கும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது.

அறிகுறிகள்: கரிசல் காட்டில் பருத்தி எடுப்பவர் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் புறங்கையும் கழுத்தும் சிவந்து, கறுத்து, செதிலாக உரியும், சட்டை மறைத்த தோல் தெளிவாக இருக்கும். சிலருக்கு நடை தள்ளாடும்.

பெல்லாக்ரா: உணவில் நியாசின் குறைவதால் வரும் இந்நோயும் தோலில் இதே கோலம் காட்டும். சோளமே தக்காணக் கரிசல் ஏழைகளின் முதன்மை உணவாக இருந்தது. அவர்களிடம் கண்ட பெல்லாக்ராவுக்குச் சோளத்தில் மிகுந்த லியூசின் என்னும் அமினோ அமிலம் காரணமாகலாம் என்று ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் 1960இல் எழுதினர். பின்னாளில் அக்கருத்து விவாதத்துக்குள்ளானது.

மருத்துவம்: சிறுநீரில் அமினோ அமில மிகுதி ஹார்ட்னப் நோயைக் காட்டிக்கொடுக்கும். நிகோடினமைடு (நியாசினின் ஒரு வடிவம்) மாத்திரை, பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவு, வெயில் மறைப்பு ஆகியவை பயன்தரும்.