பாக்குலா (காப்புநகல் மென்பொருள்)

பாக்குலா என்பது வலையமைப்பில் உள்ள பல கணினிகளின் கோப்புகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்திக் காப்புநகல் எடுக்கவும், சரிபார்க்கவும், இழந்தவற்றை மீட்டெடுக்கவும் பயன்படும் கட்டற்ற மென்பொருள் ஆகும். கெர்ன் சிபால்ட் என்பவர் 2000 ஆம் ஆண்டில் இதனை எழுதத் தொடங்கினார். 2002 ஏப்ரலில் இது பொதுவில் வெளியிடப்பட்டது. இரவில் வந்து கணினிகளின் சாரத்தை உறிஞ்சுவது என்னும் வேடிக்கைப் பொருளில், டிராகுலா என்ற பெயரை ஒட்டி இதற்குப் பெயரிடப்பட்டது. இதிலிருந்து 2010 இல் பிரிந்து வளர்ந்த மென்பொருள் பேரியோசு ஆகும்.

தேவை

அலுவலகத்தில் காப்புநகல் எடுக்கும் பொறுப்பு பயனரிடமே விடப்பட்டால், பலர் அதனைச் செய்வதில்லை. செய்பவர்களும் பாடல்களையும் திரைப்படங்களையும் சேர்த்துச் சேமிப்பிடத்தை நிரப்பிவிடுவர். முக்கியமான கணக்குக் கோப்போ வன்தட்டு பழுதாகும்போது அதனுடன் அழிந்துபோகும். ஆகவே எதனை எடுப்பது, எதனை விடுப்பது என்ற முடிவை மையத்தில் வைப்பதே இவ்வகை மென்பொருட்களின் அடிப்படை.

அமைப்பு

பாக்குலா பல தனி நிரல்களாக இயங்குகிறது. இயக்குநர் என்னும் நிரல் வழங்கியில் இருந்து ஆணையிடும். ஒவ்வொரு பயனர் கணினியிலும் நிறுவப்படும் கோப்பு முகவர், கேட்கப்பட்ட கோப்புகளை அனுப்பும். சேமிப்பு முகவர் அவற்றை வன்தட்டிலோ காந்த நாடாவிலோ எழுதும். இவை முறையே 9101, 9102, 9103 ஆகிய துறைகளை இயல்பாகப் பயன்படுத்துகின்றன. எந்தக் கோப்பு எந்த நாடாவில் உள்ளது என்ற குறிப்பு மைஎசுக்யூஎல், போசுட்கிரெசுக்யூஎல் போன்ற தரவுத்தளத்தில் பதிவாகும்.

மென்பொருளுடன் வரும் மாதிரி நிகழ்நிரலின்படி மாதத்தின் முதல் ஞாயிறு இரவு 11:05 மணிக்கு முழு நகலும், ஏனைய ஞாயிறுகளில் முழு நகலுக்குப் பின் மாறியவையும், மற்ற நாட்களில் கடைசி நகலுக்குப் பின் மாறியவை மட்டும் எடுக்கப்படும்.

கோப்புத்தொகுதி

எவை நகலெடுக்கப்பட வேண்டும் என்பதை வரையறுக்கும் பகுதி கோப்புத்தொகுதி எனப்படும். இது இயக்குநரின் அமைவுக் கோப்பில் எழுதப்படுவதால் பயனரால் மாற்ற இயலாது. கோப்புறைகளைச் சேர்க்கவும், பெயர் வடிவங்களைக் கொண்டு விலக்கவும் விதிகள் உண்டு. ஒரு கோப்புக்கு முதலில் பொருந்தும் விதியே செல்லும், அடுத்தவை பார்க்கப்படமாட்டா. எனவே விதிகளின் வரிசை பிழையானால் விலக்க எண்ணியது உள்ளே வந்துவிடும், அல்லது வேண்டியது விடுபடும்.

இன்னொரு பொறியும் உண்டு. இயல்பு அமைவில் பாக்குலா ஒரு கோப்பு முறைமையிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டாது. லினக்சில் பயனர் கோப்புறைகள் தனி வட்டுப்பிரிவில் இருந்து, அது பட்டியலில் குறிப்பிடப்படாவிடில், அவற்றில் ஒன்றும் நகலாகாது. வேலையோ வெற்றி என்றே முடியும். குறை தெரிவது மீட்டெடுக்க முயலும் நாளில்தான். எடுக்கப்படவிருக்கும் கோப்புகளை முன்கூட்டியே பட்டியலிட்டுக் காட்டும் மதிப்பீட்டு ஆணை இதற்காகவே உள்ளது. ஆயினும் அதனைப் பயன்படுத்துவோர் குறைவு என்றே தோன்றுகிறது.

கோப்புத்தொகுதி மாற்றப்பட்டால், அடுத்த நகல் தானாகவே முழு நகலாக உயர்த்தப்படும். புதிதாகச் சேர்க்கப்பட்ட கோப்புறையின் பழைய கோப்புகள் விடுபடாமல் இருக்க இவ்வாறு செய்யப்படுகிறது.

பயனருக்கு இடம்

கட்டுப்பாட்டில் ஒரு பகுதியைப் பயனருக்கு விட்டுக்கொடுக்கவும் முடியும். குறிப்பிட்ட பெயருடைய கோப்பு ஒன்று இருக்கும் கோப்புறையை விலக்குமாறு நிருவாகி அமைத்தால், பயனர் அப்பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்றை இட்டுத் தம் தனிப்பட்ட கோப்புறையை விலக்கிக்கொள்ளலாம். அலுவலகக் கோப்புகளையும் இவ்வழியில் மறைக்கலாம் என்பதால் சில நிருவாகிகள் இதனை அனுமதிப்பதில்லை.

பாதுகாப்பு

கோப்பு முகவர் பொதுவாக உயர் உரிமையுடன் இயங்குவதால், இயக்குநரைக் கைப்பற்றுபவர் எல்லாக் கணினிகளின் கோப்புகளையும் பெற இயலும். இதனைத் தடுக்க, கோப்பின் உள்ளடக்கத்தைப் பயனர் கணினியிலேயே மறைகுறியாக்கி அனுப்பும் வசதி உள்ளது. கோப்புப் பெயர்களும் அனுமதி விவரங்களும் மறைக்கப்படுவதில்லை. பயனரின் திறவுகோல் தொலைந்தாலும் தரவை மீட்க, நிறுவனம் தனியே ஒரு தலைமைத் திறவுகோலை வைத்துக்கொள்ளலாம். அதனை அதே வழங்கியில் வைப்பது மறைகுறியாக்கத்தைப் பயனற்றதாக்கும்.