ஒரே சொல்லில் ஒளிந்த மணம்

நிலக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் ஜாதிமல்லி பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பூவைப் பெயர் சொல்லித்தான் விற்கிறோம். அதே மணம் முகப்பூச்சில் சேர்ந்தால் பெயரை இழந்துவிடுகிறது.

1970களில் ஜப்பானில் பல பெண்களுக்கு முகம் பழுப்பாகக் கறுத்தது. தோல் மருத்துவர்கள் ஒவ்வொரு பொருளாக ஒட்டிச் சோதித்தார்கள். ஒப்பனைப் பொருள்களில் கலந்த சில மணப்பொருள்களும் சாயங்களும் ஒவ்வாமை தந்தது தெரிந்தது. மல்லிகைச் சாறும் அவற்றில் ஒன்று.

2003இல் ஐரோப்பிய ஒன்றியம் 26 மணப்பொருள்களின் பெயரை உறையில் அச்சிடச் சொன்னது. தோலில் தங்கும் பூச்சில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் வேண்டும். மல்லிகையில் இயல்பாகவே இருக்கும் லினலூலும் அந்த 26இல் உண்டு. 2023இல் பட்டியல் நீண்டபோது ஜாதிமல்லிச் சாறும் சேர்ந்தது.

நம் நாட்டின் 2020 அழகுசாதன விதிகளும் உட்பொருள்களைப் பட்டியலிடச் சொல்கின்றன. ஆனாலும் என் மேசையிலுள்ள டப்பாவில் மணத்துக்கு ஒரே சொல்தான்: ‘பெர்ஃப்யூம்’.

முகம் கறுத்து வரும் என் மாணவியிடம், “வெயிலில் அலைந்தாயா? கண்டதையும் பூசினாயா?” என்கிறார்கள். பூசியது என்னவென்று அவளிடம் யாரும் சொல்லவில்லையே. பெயர் தெரிந்தால்தானே அவளால் அதை ஒதுக்க முடியும்?