குருதி வகை உணவுமுறை

குருதி வகை உணவுமுறை என்பது ஒருவர் எவ்வுணவுகளை உண்ண வேண்டும், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதை அவரது ஏபிஓ குருதி வகையைக் கொண்டு வரையறுக்கும் உணவுமுறை ஆகும். இதனைப் பின்பற்றினால் செரிமானம் சீராகும், உடல் எடை குறையும், பல நோய்களைத் தவிர்க்கலாம் என்று இதனை முன்வைப்போர் கூறுகின்றனர். இக்கூற்றுகளை மெய்ப்பிக்கும் மருத்துவச் சான்றுகள் இல்லை. எனினும் குருதி வகைக்கும் செரிமான மண்டலத்துக்கும் இடையே வேறு சில தொடர்புகள் உள்ளமை ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளது.

வரலாறு

மனிதக் குருதியில் வெவ்வேறு வகைகள் உள்ளன என்பதை ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் லான்ஸ்டெய்னர் 1901இல் விளக்கினார். இதற்காக அவருக்கு 1930இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. குருதி வகையையும் உணவையும் இணைக்கும் கருத்தை அமெரிக்க இயற்கை மருத்துவரான ஜேம்ஸ் டி அடாமோ 1980இல் வெளியான தமது நூலில் முன்வைத்தார். அவருடைய மகன் பீட்டர் டி அடாமோ, கேத்தரின் விட்னியுடன் இணைந்து எழுதி 1996இல் வெளிவந்த "ஈட் ரைட் ஃபோர் யுவர் டைப்" என்னும் நூல் இம்முறையை உலகெங்கும் பரப்பியது.

பரிந்துரைகள்

ஒவ்வொரு குருதி வகையும் மனித வரலாற்றின் ஒரு காலகட்டத்தில் தோன்றியது என்றும், அக்கால உணவே அவ்வகையினருக்கு ஏற்றது என்றும் இந்நூல் கூறுகிறது.

ஓ வகை: வேட்டையாடிகளின் வகை. இறைச்சி மிகுந்த உணவு ஏற்றது. கோதுமையும் பாலும் தவிர்க்கத்தக்கவை.
ஏ வகை: உழவர்களின் வகை. மரக்கறி உணவு ஏற்றது.
பி வகை: நாடோடி மேய்ப்பர்களின் வகை. பால் பொருட்கள் ஏற்றவை; கோழி இறைச்சி தவிர்க்கத்தக்கது.
ஏபி வகை: அண்மையில் தோன்றிய கலப்பு வகை. ஏ, பி ஆகிய இரு வகைகளின் பரிந்துரைகளும் கலந்தவை.

கருதுகோளும் மறுப்பும்

ஓ வகையே மிகப் பழமையானது என்பது மரபியல் சான்றுகளுக்கு முரணானது. ஏபிஓ மரபணு உருவாக்கும் நொதி, சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு சர்க்கரை மூலக்கூறைச் சேர்க்கிறது. ஏ வகையில் ஒரு சர்க்கரையும் பி வகையில் மற்றொன்றும் சேர்கின்றன. ஓ வகையில் பெரும்பாலும் மரபணுவின் ஓர் எழுத்து விடுபட்டதால் அந்நொதி செயலிழந்துள்ளது. எனவே ஓ வகை, முன்பே இருந்த ஏ வகையிலிருந்து பிறந்தது எனக் கருதப்படுகிறது. மேலும் 2012இல் வெளியான ஓர் ஆய்வு, ஏ, பி வேறுபாடு மனிதரிலும் கிப்பன் போன்ற குரங்கினங்களிலும் பொதுவாக உள்ளது என்றும், அது குறைந்தது 2 கோடி ஆண்டுகள் பழமையானது என்றும் காட்டியது. உழவுத் தொழிலோ ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியது.

இரண்டாவது கருதுகோள் லெக்டின்கள் பற்றியது. லெக்டின் என்பது சர்க்கரை மூலக்கூறுகளுடன் பிணையும் புரதம் ஆகும். குருதி வகைக்கு ஒவ்வாத லெக்டின்களை உண்டால் குருதியணுக்கள் ஒட்டித் திரளும் என்பது நூலின் வாதம். ஆய்வகத்தில் சில லெக்டின்கள் இவ்வாறு செயற்படுவது உண்மையே. கொள்ளு விதையின் லெக்டின், ஏ வகையின் உட்பிரிவாகிய ஏ1 அணுக்களைத் திரளச் செய்வதால், ஏ1, ஏ2 ஆகியவற்றைப் பிரித்தறியக் குருதி வங்கிகளில் பயன்படுகிறது. ஆனால் அங்குப் பயன்படுவது வேகாத விதையின் சாறு. நன்கு வேகவைக்கும்போது லெக்டின்களின் செயற்பாடு பெரும்பாலும் அழிகிறது. சரியாக வேகாத ராஜ்மாவை உண்டவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படுவதும் லெக்டினாலேயே. ஆனால் இது எல்லாக் குருதி வகையினருக்கும் ஏற்படும்.

பாலைச் செரிக்கும் திறன், லாக்டேஸ் நொதியைக் கட்டுப்படுத்தும் 2ஆம் குரோமோசோம் பகுதியைச் சார்ந்தது. கோதுமையால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான முதன்மை மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ளன. ஏபிஓ மரபணு இருப்பது 9ஆம் குரோமோசோமில். இவை ஒன்றையொன்று சாராமல் மரபுவழி வருபவை. ஆகவே குருதி வகையைக் கொண்டு ஒருவருக்குப் பால் அல்லது கோதுமை ஒத்துக்கொள்ளுமா என்பதைக் கணிக்க இயலாது.

ஆய்வுகள்

2013இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் 1,415 ஆய்வுக் குறிப்புகளைப் பரிசீலித்தும், இவ்வுணவுமுறையின் பயனை மெய்ப்பிக்கும் ஆய்வு எதுவும் கிடைக்கவில்லை.

2014இல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,455 பேரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தனர். ஏ வகைக்கான உணவை ஒத்து உண்டவர்களிடம் உடற்பருமன், குருதியழுத்தம் முதலியன குறைவாக இருந்தன. ஆனால் அவர்களின் குருதி வகை எதுவாயினும் இத்தொடர்பு மாறவில்லை. காய்கறியும் பழமும் மிகுந்த உணவு எவருக்கும் நன்மை தருவதே இதற்குக் காரணம் எனலாம். இம்முறையால் பயனடைந்ததாகப் பலர் கூறுவதையும் இது ஓரளவு விளக்குகிறது.

செரிமான மண்டலத்துடன் உள்ள தொடர்பு

ஏபிஓ மூலக்கூறுகள் சிவப்பணுக்களில் மட்டுமன்றி இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்சவ்விலும் காணப்படுகின்றன. ஏறத்தாழ 80 விழுக்காட்டினரின் உமிழ்நீர் போன்ற சுரப்புகளிலும் இவை உள்ளன. கிருமிகள் இச்சர்க்கரை அமைப்புகளைப் பற்றிக்கொள்வதால் குருதி வகை சில நோய்களைப் பாதிக்கிறது. இரைப்பைப் புற்றுநோய் ஏ வகையினரிடமும், இரைப்பை, முன்சிறுகுடல் புண்கள் ஓ வகையினரிடமும் சற்று மிகுதி என்பது 1950களில் பிரித்தானியாவில் அறியப்பட்டது. ஓ வகையினரிடம் காலரா கடுமையாக இருப்பது வங்காளதேச ஆய்வுகளில் தெரியவந்தது. இவை தொற்றும் நோயும் சார்ந்த தொடர்புகள். எந்த உணவு செரிக்கும் என்பதைக் காட்டுபவை அல்ல.

பாதிப்புகள்

இறைச்சி மிகுந்த உணவு சிறுநீரக நோயாளிகளுக்குத் தீங்கு விளைவிக்கலாம். பாலை முற்றிலும் நீக்குவோருக்கு, ஈடுசெய்யும் பிற உணவுகள் இல்லையெனில், கால்சியம் குறையலாம்.

நோய் கண்டறிதல் தாமதமாவது மற்றொரு பாதிப்பு. நீடித்த வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, எடை இழப்பு, மலத்தில் குருதி ஆகியவற்றுக்குப் புண், சீலியாக் நோய், புற்றுநோய் எனப் பல காரணங்கள் இருக்கலாம். சீலியாக் நோய்க்கான குருதிச் சோதனை, கோதுமையை உண்டுவரும்போதே சரியான முடிவைத் தரும். குருதி வகையைக் காரணமாகக் கொண்டு கோதுமையை முன்பே நிறுத்திவிட்டவருக்கு, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். ஆகவே இத்தகைய அறிகுறிகள் உள்ளோர் உணவை மாற்றும் முன்னர் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.