கரண்ட் போனாலும் ஊருக்குத் தகவல் வரணும்... பசுமைத் தொலைத்தொடர்பு என்றால் என்ன? புதுச்சேரி கிராமங்கள் காட்டிய வழி!

புயல் அடிச்சா முதல்ல போறது கரண்ட். அடுத்து போறது செல்போன் சிக்னல். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் பல கிராமங்களில் இதுதான் நடந்தது. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் நல்லா இருக்கோம்னு சொல்லக்கூட வழியில்லாமல் தவித்தார்கள் மக்கள்.

அதனால்தான் கிராமங்களைப் பொறுத்தவரை 'பசுமைத் தொலைத்தொடர்பு' என்பது புகையைக் குறைக்கும் விஷயம் மட்டும் இல்லை. கரண்ட் இல்லாதபோதும் தகவல் கிடைக்குமா என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

பசுமைத் தொலைத்தொடர்புன்னா என்ன?

செல்போன் டவர் 24 மணி நேரமும் மின்சாரம் கேட்கும். மின்வெட்டு வந்தால் முதலில் பேட்டரி கைகொடுக்கும். அதுவும் தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர். மின்வெட்டு அதிகம் உள்ள ஊர்களில் டீசல் செலவும் அதிகம், புகையும் அதிகம்.

இதைக் குறைக்க 2012 ஜனவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டது. 2015-க்குள் கிராமப்புற டவர்களில் 50 சதவீதமும், நகர்ப்புற டவர்களில் 20 சதவீதமும் 'ஹைப்ரிட்' முறைக்கு மாற வேண்டும் என்பது இலக்கு. அதாவது மின்வாரிய கரண்டோடு சோலார், காற்றாலை போன்ற ஏதாவது ஒன்றையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

பெரிய டவர்களுக்கு இது ஒரு வழி. ஆனால், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கருவிகளைக் கொண்டே ஒரு ஊருக்குத் தகவல் கொண்டுபோக முடியும் என்பதை அதற்கு 14 வருஷம் முன்பே புதுச்சேரி கிராமங்கள் செய்து காட்டிவிட்டன.

1998-ல் புதுச்சேரியில் என்ன நடந்தது?

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு 'கிராம அறிவு மையங்களை' அங்கே தொடங்கியது. வில்லியனூர்தான் தலைமை மையம். அங்கிருந்து எம்பலம், வீராம்பட்டினம் உள்ளிட்ட கிராமங்களுக்குத் தகவல் போனது.

அப்போது கிராமங்களில் டெலிபோன் லைன் சரியாக இல்லை. அதனால் விஹெச்எஃப் எனப்படும் வாக்கி-டாக்கி வகை ரேடியோ மூலம் கம்ப்யூட்டர்களை இணைத்தார்கள். கரண்ட் அடிக்கடி போகும் என்பதால் சோலார் பேனலும் வைத்தார்கள்.

மையத்துக்கான இடத்தையும், நடத்தும் தன்னார்வலர்களையும் ஊர்தான் தர வேண்டும். சாதி பார்க்காமல் எல்லோரும் உள்ளே வர முடிய வேண்டும் என்பதும் நிபந்தனை. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் இயங்கியது. பல மையங்களை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

அப்படி என்ன தகவல் கிடைத்தது?

விவசாயிகளுக்கு இடுபொருள் விலை, விளைபொருள் சந்தை விலை. மற்றவர்களுக்கு அரசுத் திட்டங்கள், மருத்துவ வசதி, பஸ் நேரம்.

மீனவ கிராமமான வீராம்பட்டினத்துக்குத் தேவை வேறு. கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்த அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழில் மாற்றி அனுப்பினார்கள். அதை ஊர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தகவல் காதில் விழுந்தது.

சுனாமி அன்று நல்லவாடு எப்படித் தப்பித்தது?

2004 டிசம்பர் 26. புதுச்சேரியின் நல்லவாடு மீனவ கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். ஊருக்குள் கடல் நீர் வருவது தெரிந்ததும், உடனே வெளியேறச் சொன்னார்.

ஊர்க்காரர்கள் அறிவு மையத்தின் பூட்டை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். வீடுகளும் படகுகளும்தான் சேதமாயின.

அன்று கைகொடுத்தது ஒரு போன் காலும் ஒரு ஒலிபெருக்கியும்தான். ஆனால் அந்த ஒலிபெருக்கி ஏற்கெனவே ஊரில் இருந்தது, அது எதற்கு என்பதும் மக்களுக்குத் தெரிந்திருந்தது.

சமுதாய வானொலி இதில் எங்கே வருகிறது?

இதுவும் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் தொழில்நுட்பம்தான். சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் கதிர்வீச்சுத் திறன் வரைதான் அனுமதி. கேட்பவருக்கோ இரண்டு பேட்டரி போட்ட சின்ன ரேடியோ போதும்.

சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அண்ணா எஃப்எம்' 2004 பிப்ரவரி 1-ல் தொடங்கியது. 2006-க்கு முன்பு கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே இந்த அனுமதி கிடைத்தது. அதன் பிறகே தொண்டு நிறுவனங்களுக்கும் கிடைத்தது. 2008 அக்டோபரில் இன்றைய தெலங்கானாவின் மாச்னூர் கிராமத்தில் 'சங்கம் ரேடியோ' வந்தது. தலித் பெண்கள் நடத்தும் இந்த வானொலியில் சிறுதானியம், விதை சேமிப்பு என அவர்கள் வாழ்க்கையே நிகழ்ச்சி.

இதில் சிக்கலே இல்லையா?

இருக்கிறது. முதல் சிக்கல் பேட்டரி. லெட்-ஆசிட் பேட்டரிகளைச் சில ஆண்டுகளில் மாற்றியே ஆக வேண்டும். பழையதை உடைத்து ஊருக்குள் போட்டால், ஈயம் மண்ணையும் நீரையும் கெடுக்கும். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைக்கின்றன. அதே ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனல்களும் வருகின்றன.

இரண்டாவது, பராமரிப்பு. பேனலில் தூசி படிந்தால்கூட மின்சாரம் குறையும். திட்ட நிதி முடிந்த பிறகு இதையெல்லாம் யார் பார்ப்பது?

மூன்றாவது, செல்போன். விலையும் வானிலையும் கைக்கே வந்துவிட்டதால், மையத்துக்குப் போகும் தேவை குறைந்தது. இன்று ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையத்தின் கடல்நிலைக் கணிப்பை மீனவர்கள் செல்போனிலேயே பார்க்க முடிகிறது. ஆனால் டவர் நின்றுவிட்டால் அந்த வசதியும் நின்றுவிடும்.

உங்க ஊர் கிராம சபையில் என்ன கேட்கலாம்?

• பஞ்சாயத்து அலுவலக இன்டர்நெட் கருவிக்கு சோலார் அல்லது பேட்டரி பேக்கப் இருக்கிறதா?

• கரண்ட் இல்லாமல் இயங்கும் ஒலிபெருக்கி இருக்கிறதா? கடைசியாக எப்போது சோதித்தார்கள்?

• அதன் சாவி யாரிடம் இருக்கிறது? அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்து யார்?

• பழைய பேட்டரிகளை எங்கே ஒப்படைக்கிறார்கள்?

நல்லவாட்டில் பூட்டை உடைக்க வேண்டியிருந்தது. அடுத்த புயலுக்கு முன்பு இந்த மூன்றாவது கேள்விக்காவது உங்க ஊரில் பதில் தெரிந்திருப்பது நல்லது.